பல்லுக்குள் காய்ந்த சந்தனம்

செந்தில்,

முந்தாநாள் போனில், “கழுவுடா, முதல்ல அதைக் கழுவு” என்று கத்தினேன். நீ சிரித்தாய். “எதை, சந்தனத்தையா? சாமி குத்தம் ஆயிடாதாம்மா?” என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். பதினேழு வருஷமாக வராத வாய் அன்றைக்கு மட்டும் எப்படி வரும்? அதனால்தான் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நானே அனுப்புவேன். போனிலேயே டைப் அடித்தால் பாதியில் அழித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். பேனாவால் எழுதினால், அடித்தாலும் அடியில் எழுத்து தெரியும். நீ திங்கட்கிழமை பாய்மரத்தில் ஏறப் போகிறாய், இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இரண்டு நாள்தான் இருக்கிறது.

நீ அனுப்பிய வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஸ்பெயின் பக்கத்துத் தீவில், யாரோ ஒரு வெள்ளைக்காரருடைய பாய்மரப் படகுக்குள், சாப்பாட்டு மேஜை மேல் ஆயுத பூஜை போட்டிருக்கிறாய். இடுப்புப் பெல்ட், இரண்டு கயிறு, ஹெல்மெட், கயிற்றைக் கவ்வுகிற அந்த இரும்புப் பிடிகள், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. இந்தியக் கடையில் தேடி வாங்கினேன் என்று சந்தனமும் குங்குமமும், ஒரு சீப்பு வாழைப்பழமும் காட்டினாய். “நீ அப்பாவுக்கு வைப்பியே, அதே மாதிரி வச்சிருக்கேன் பாரு. அன்னைக்கு அப்பாவோட பை மேல நான்தானம்மா பொட்டு வச்சேன், ஞாபகம் இருக்கா?” என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா அப்பா மாதிரி ஹூக்கு மாட்டாம ஏறுற ஆளு இல்லம்மா நான்” என்றும் சொன்னாய். நான் வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடியின் பற்களுக்கு நடுவில் மஞ்சளாக அப்பியிருந்தது. துணியால் துடைத்துவிட்டேன் என்று பிறகு எழுதியிருக்கிறாய். துடைத்தால் போதாது.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் பிறகு படி. பிடியைக் கயிற்றிலிருந்து கழற்று. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷால் ஸ்பிரிங் இருக்கிற இடுக்கு வரைக்கும் தேய். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவை. காய்ந்த பிறகு அந்தப் பல்லை விரலால் திறந்து விடு. பட்டென்று தானாக மூடிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் யோசித்து மூடினாலும் அதைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு வாங்கு. பூஜைக்காகப் பளபளவென்று இருக்கட்டும் என்று எண்ணெய் கிண்ணெய் தடவியிருந்தால் அந்தக் கயிறும் வேண்டாம். இதையெல்லாம் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, நீ சர்டிபிகேட் வாங்கியவன். ஆனால் சந்தனத்தைப் பற்றி உன் சர்டிபிகேட்டில் எதுவும் எழுதியிருக்காது.

உன் அப்பா செல்போன் டவர் ஏறுகிறவர் என்பது தவிர அவர் வேலையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? அவர் இறந்தபோது உனக்குப் பத்து வயது. நாம் எடமலைப்பட்டி புதூரில், மாடிப்படிக்குக் கீழே சமையல் செய்கிற அந்த ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் கயிற்றைப் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரல்களுக்கு நடுவில் ஓட விடுவார். “கண்ணால பாத்தா கயிறு ஏமாத்தும். கை ஏமாறாது” என்பார். எங்கேயாவது தடித்திருந்தாலோ, உள்ளே மெத்தென்று இருந்தாலோ அந்த இடத்தில் வெட்டிவிடுவார். பெல்ட்டில் தையல் விட்டிருந்தால் என்னிடம் காட்டுவார். நான் பார்த்துவிட்டு, “இது என் மிஷின்ல தைக்கிற தையல் இல்லங்க, கம்பெனிக்கு அனுப்புங்க” என்பேன். என் தையலை நம்பி அவர் தொங்கக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. நல்ல சிரிப்பு இல்லை.

அந்தக் கயிற்றுப் பிடியை அவர்கள் கிராப் என்பார்கள். டவர் உச்சியிலிருந்து ஒரு கயிறு தொங்கும். கிராப் அந்தக் கயிற்றோடு கூடவே மேலே வரும், ஆள் வழுக்கினால் கவ்விக்கொள்ளும். அதற்குள் பல் வைத்த ஒரு நாக்கு, அதைத் தள்ளுகிற ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். “இதுல எண்ணெய் படக் கூடாது, மண்ணு படக் கூடாது, பெயின்ட் படக் கூடாது” என்று கல்யாணமான புதிதிலேயே எனக்குச் சொன்னவர் அவர். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பையின் மேல் ஒரு பொட்டு மட்டும் வைக்க விடுவார். உள்ளே எதையும் தொட விடமாட்டார். நானும் அப்படியேதான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மட்டும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆடி மாதம் அவரோடு வேலை செய்த ஒரு பையன், லால்குடிக்காரன், கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாதவன், கரன்ட் அடித்து மேலேயே தொங்கிவிட்டான். துக்கத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து என் மனசு நிற்கவில்லை. டவர் வேலையை விடச் சொல்லிச் சண்டை போட்டேன். விட்டால் என்ன வேலை என்று அவர் கேட்டார். அப்புறம் ஆயுத பூஜை வந்தது. அவர் காலையிலேயே ஒரு சாமான் வாங்க வெளியே போயிருந்தார். என் தையல் மிஷின், கத்தரிக்கோல், அரிவாள்மனை, உன் சைக்கிள், உன் புத்தகம் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தேன். மிஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்த அதே துணி, அதே கை. அவருடைய பையைத் திறந்தேன். ஒன்று விடாமல் வெளியே எடுத்தேன். கிராப்பை என் மிஷினைத் துடைப்பது போலவே தேங்காய் எண்ணெய் தொட்டுப் பளபளவென்று துடைத்தேன். மிஷினுக்கு எண்ணெய் போட்டுப் போட்டே பழகிய கை அது. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைக் கெட்டியாக, நாலு பக்கமும், பல்லின் மேலும் ஸ்பிரிங் மேலும் வைத்தேன். அந்தப் பல்தானே அவரைப் பிடித்துக்கொள்ளப் போகிறது, அதற்குத்தான் அதிகம் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ பையின் வாயில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாய். நான் வைத்தது வேறு, நீ வைத்தது வேறு. இதை நன்றாகப் படித்துக்கொள், செந்தில். நீ வைத்தது துணிப் பையின் மேல். உள்ளே வைத்தது நான்.

மறுநாள் விஜயதசமி. வேலையைத் தொட்டு ஆரம்பிக்க வேண்டிய நாள் என்று சூப்பர்வைசர் போன் பண்ணிவிட்டார். ஜீயபுரம் பக்கம், வாழைத்தோப்புக்கு நடுவில் ஒரு டவர். உச்சியில் எரிகிற சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது, அதை மாற்ற வேண்டும். சின்ன வேலைதான். உன் அப்பா பையைத் திறந்தார், கிராப்பை எடுத்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. “என்னடி இது, கல்யாண வீட்டு வாசப்படி மாதிரி பண்ணி வச்சிருக்க?” என்று சொல்லிக்கொண்டே பனியனால் துடைக்கப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். “துடைக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும். சாமிக்கு வச்ச பொட்டைக் கையால அழிக்காதீங்க” என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் நிறுத்தினார். “சரி சரி, அழாத. உன் சந்தனமே என்னைப் பிடிச்சுக்கட்டும்” என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் எனக்குக் கடைசியாகச் சொன்னது அதுதான். இதுவரை ஒருவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

மிச்சம் அந்தோணி அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்குக் கீழே நின்று கயிறு பார்த்தவர் அவர். எப்போதும் ஏறுவதற்கு முன்னால், ஆள் உயரத்தில் கிராப்பை மாட்டி, முழு எடையும் போட்டு மூன்று தடவை தொங்கிப் பார்ப்பது உன் அப்பாவின் வழக்கம். அன்றைக்கு ராகு காலம் ஆரம்பிக்க ஐந்து நிமிஷம்தான் இருந்ததாம். “ஒரு கால் வச்சிருங்கண்ணே, நல்ல நேரம் போயிடும்” என்று சூப்பர்வைசர் அவசரப்படுத்தியிருக்கிறார். தொங்கிப் பார்க்காமலே கால் வைத்துவிட்டார். முதல் நாள் ராத்திரி தூறல், கம்பியெல்லாம் ஈரம். முக்கால்வாசி போனபோது ஒரு தட்டைத் தாண்டுவதற்காக இடுப்புக் கொக்கியைக் கழற்றி மேலே மாட்டப் போயிருக்கிறார். அந்த ஒரு நிமிஷத்துக்கு அவரைப் பிடித்துக்கொள்ள கிராப் மட்டும்தான். கால் வழுக்கியது. கிராப் கயிற்றோடு சறுக்கிக்கொண்டே வந்ததாம். “சத்தம்கூட வரல தங்கச்சி, ஊஞ்சல் கயிறு மாதிரி வழுக்கிக்கிட்டு வந்துது” என்று அந்தோணி அண்ணன் சொன்னார்.

போலீஸ் வருவதற்கு முன்னால் அவர் அந்த கிராப்பைக் கழற்றித் தன் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள், பேப்பரில் சுற்றி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். நாக்கு திறந்தபடியே நின்றது. ஸ்பிரிங்குக்குள் சந்தனம் சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. பல்லெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. “இதைக் காட்டினா அவன் மாட்டிக்கிட்டுத்தான் ஏறினான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஆனா ஏன் பிடிக்கலன்னு கேப்பாங்க. யாரு சந்தனம் வச்சதுன்னு கேப்பாங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்” என்றார். நல்ல மனுஷர். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு என் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். போன வருஷம் அவரும் போய்விட்டார். இப்போது இது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். எனக்கும் கண் மங்கிக்கொண்டு வருகிறது, ஊசியில் நூல் கோர்க்கப் பக்கத்து மிஷின் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நானும் சொல்லாமல் போய்விட்டால் உன் அப்பா கடைசிவரை அப்படியே இருந்துவிடுவார்.

எப்படி? ஹூக்கு மாட்டாமல் ஏறிய முட்டாளாக. இடுப்பில் கிராப் இல்லை என்றதும் அந்தச் சூப்பர்வைசர், “பாதுகாப்புக் கொக்கி மாட்டாமல் சொந்த அஜாக்கிரதையால்” என்று எழுதிக் கொண்டுவந்தார். நான் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நான் பிளஸ் டூ படித்தவள், எனக்கு அஜாக்கிரதை என்றால் என்னவென்று தெரியும். பண்டிகை நாள், குடித்திருப்பார் என்று தெருவில் ஒருவர் ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. உன் அப்பா மாதம் ஒரு தடவை குடிப்பார், இல்லையென்று சொல்லவில்லை. அன்றைக்குக் குடிக்கவில்லை. அன்றைக்கு அவர் குடித்தது நான் போட்டுக் கொடுத்த காபி. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது வந்து என் முகத்துக்கு நேராகக் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன், யாரும் கேட்கவில்லை. பொய் சொல்லாமலே ஒரு மனுஷனைக் குடிகாரனாக்க முடியும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

பத்தாம் நாள் அம்மா மண்டபம் படித்துறையில் எல்லாம் முடிந்ததும், நான் மடியிலிருந்து ஒன்றை எடுத்து ஆற்றில் போட்டேன். மொட்டைத் தலையோடு ஈர வேட்டியில் நடுங்கிக்கொண்டு நின்ற நீ, “என்னம்மா போட்ட?” என்று கேட்டாய். “ஒண்ணுமில்லடா, அப்பாவோட பழைய பூட்டு” என்றேன். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. அவருடைய பெயரைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாமானை அவருடைய அஸ்தி போன அதே தண்ணீரில் போட்டுவிட்டு, உனக்குத் தலை துவட்டிவிட்டேன்.

அப்புறம் ஸ்ரீரங்கம் வந்தோம். சித்திரை வீதியில் ஜாக்கெட் தைக்கிற கடையில் எனக்கு மிஷின் கிடைத்தது. உன்னை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். எட்டாவது படிக்கும்போது ஒரு பையன் உன்னைக் குடிகாரன் மகன் என்று சொல்லி, நீ அவன் பல்லை உடைத்துவிட்டு வந்தாயே, அன்றைக்கு ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “இவன் அப்பா அப்படித்தாங்களா?” என்று அவர் கேட்டபோது நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். இல்லை என்று நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாய். நான் மன்னிச்சிடுங்க சார் என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நீ என் கையைப் பிடிக்கவில்லை. அன்றோடு உன் அப்பாவை நீ விட்டுவிட்டாய். பதினெட்டு வயதில், “குடிச்சிட்டு விழுந்து செத்த ஆளுக்கு எதுக்கும்மா வருஷா வருஷம் திதி?” என்று கேட்டாய், அதற்கும் சரி என்றேன். இனிமேல் அந்தப் படித்துறைக்குப் போக வேண்டாம் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதிகூட இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் இருந்தது.

உன்னைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயும் பொட்டு வைத்தாயே, தெரிந்தால் நானும்தானே என்று சின்னப் பிள்ளை உடைந்துபோய்விடும் என்று. அந்தப் பயமும் இருந்தது. ஆனால் உனக்கு இருபத்தேழு வயதாகிவிட்டது. அந்தக் காரணம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதற்கப்புறமும் மறைத்தது எனக்காக. உன் மாமா, தெரு, கடைப் பெண்கள், எல்லாரும் என்னைப் பாவம் என்று சொன்னார்கள். குடிகாரப் புருஷனை வைத்துக்கொண்டு பாடுபட்டுப் பிள்ளையை ஆளாக்கினவள் என்றார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. நீயும் அப்படித்தானே சொல்வாய். உன் படகுக்காரரிடம் போனில் என்னைக் காட்டி, எங்கம்மா தனியாளா வளத்தாங்க என்று இங்கிலீஷில் நீ சொன்னபோது நான் தலையாட்டினேன்.

நீ கப்பல் படிப்பு படித்து, துபாய் பட்டறைக்குப் போய், அங்கிருந்து பாய்மரப் படகுக்கு மாறி, பாய்மரத்தின் உச்சிக்கு ஏறுவதுதான் உன் வேலை என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாய். வேண்டாம் என்றேன். “நான் அப்பா இல்லம்மா” என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டாய். அன்றிலிருந்து நீ ஏறுகிற விதத்தை வீடியோ வீடியோவாகப் பார்த்து எனக்கும் பாடமாகிவிட்டது. பாயை ஏற்றுகிற கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, அதில் ஒரு பிடி இடுப்புக்கு, ஒரு பிடி கால் வைக்கிற வளையத்துக்கு. எழுந்து நிற்கிறாய், மேல் பிடியைத் தள்ளுகிறாய், உட்காருகிறாய், கீழ்ப் பிடியைத் தள்ளுகிறாய். புழு ஊர்வது மாதிரி அறுபது அடி. பக்கத்தில் இரண்டாவது கயிறு, அதில் தனியாக ஒரு பிடி, முதல் கயிறு அறுந்தால் பிடித்துக்கொள்ள. பார்க்கப் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. உன் அப்பா இருந்திருந்தால் ரசித்துப் பார்த்திருப்பார், அப்புறம் நாலு குறை சொல்லியிருப்பார். அவருக்குப் பதிலாக அவற்றை நான் சொல்கிறேன்.

இரண்டு கயிறும் உச்சியில் ஒரே கப்பிப் பக்கம் போய்விட்டால் அது இரண்டு கயிறு இல்லை. நீ கண்ணால் பார்க்காத உச்சியை நம்பிப் போகிறாய். அதனால் தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி, இரண்டையும் தனித்தனியாக, உன் முழு எடையும் போட்டுத் தொங்கிக் குதித்துப் பார். யார் அவசரப்படுத்தினாலும், எந்த நல்ல நேரம் போனாலும் பார். கயிற்று முனையில் இருக்கிற கொக்கியை நம்பாமல் முடிச்சுப் போட்டுக்கொள். கயிறு கீழே கட்டியிருக்கிற இடத்தில் யாரும் தெரியாமல் அவிழ்த்துவிடாமல் இருக்க உன் அப்பா தன் சட்டையைக் கழற்றி அங்கே கட்டிவிட்டு ஏறுவார். மேலே ஆள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்தத் துறைமுகத்தில் எழுதி வைத்தாலும் சரி, சட்டையைக் கட்டினாலும் சரி. கையில் எடுத்துப் போகிற ஒவ்வொரு சாமானையும் உன்னோடு கட்டிக்கொள். பக்கத்தில் ஒரு படகு வேகமாகப் போனால் கீழே சின்ன அலைதான், மேலே நீ மரத்தில் போய் மோதுவாய். இறங்குவதற்காகக் கருவியை மாற்றுகிற அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அதுதான் உன் அப்பாவைக் கொண்டுபோன நிமிஷம். அப்போது இரண்டாவது கயிற்றில் நீ இருக்கிறாயா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முதல் கயிற்றை விட வேண்டும்.

தனியாக ஏற முடிகிறது என்பதை நீ பெருமையாகச் சொல்கிறாய். யாரையும் நம்ப வேண்டியதில்லை, நானும் என் கருவியும்தான் என்கிறாய். யாரையும் நம்பாதவனாக உன்னை வளர்த்தது யார் என்று எனக்குத் தெரியும். ஏறுவது தனியாக இருக்கட்டும். கீழே ஒருவர் நிற்கட்டும், சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்தாலும் பரவாயில்லை. நீ மேலே மயங்கித் தொங்கினால் உன் கருவி யாரையும் கூப்பிடாது.

எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. நீ இவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பதே உன் அப்பாவின் மேல் உள்ள கோபத்தில்தான். அந்த ஆள் மாதிரி ஆகிவிடக் கூடாது என்றுதான் ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு தடவை பார்க்கிறாய். இப்போது அந்தக் கோபத்தை நான் பிடுங்கிவிட்டால் உன் கை தளர்ந்துவிடுமோ என்று இரண்டு நாளாக யோசித்தேன். யோசித்துப் பார்த்தால் இதுவும் மறைப்பதற்கு நான் தேடுகிற இன்னொரு சாக்குதான். உன் அப்பா உன்னைவிட ஜாக்கிரதையானவர். ஜாக்கிரதையானவர் ஒரு நாள் ஒரு பொம்பிளையின் கண்ணீருக்காகத் துடைக்காமல் விட்டார். அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. அந்தச் சூப்பர்வைசருக்கும் இதில் பங்கு உண்டு, ஈரக் கம்பிக்கும் உண்டு. பெரிய பங்கு என்னுடையது.

மன்னித்துவிடு என்று கேட்க நான் இதை எழுதவில்லை. மன்னிக்க வேண்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன். திதி கொடு என்றும் கேட்கவில்லை, அது உனக்கும் அவருக்கும் நடுவில் உள்ள விஷயம். உன் படகுக்காரரோ, நாளைக்கு உனக்கு வரப்போகிறவளோ, உன் அப்பா எப்படிப் போனார் என்று கேட்டால், கொக்கி மாட்டித்தான் ஏறினார் என்று சொல். இத்தனை வருஷம் அவர் மேல் வைத்திருந்த கோபத்தை அப்படியே எடுத்து என் பக்கம் வைத்துக்கொள். அவரை விட்டுவிடு.

இதைப் படித்ததும் போன் பண்ண வேண்டாம். பண்ணினால் நான் அழுவேன், நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், உன் அப்பாவை ஏமாற்றிய மாதிரி அழுதே உன்னையும் ஏமாற்றிவிடுவேன். திங்கட்கிழமை ஏறிவிட்டு, கால் தரையில் பட்ட பிறகு, “இறங்கிட்டேன்” என்று ஒரு வார்த்தை அனுப்பு. அதில் அம்மா என்று சேர்க்க மனசு வரவில்லையென்றால் சேர்க்காதே. இறங்கினது தெரிந்தால் போதும்.